அறுபதைத் தாண்டிய காலுக்குப் பவுடர் வேணுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குத் தண்டையார்பேட்டையில் கிளம்பினால், கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைப்பதற்குள் எண்ணூர் முகத்துவாரம் போய்த் திரும்பிவிடலாம். போக வர இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். நாங்கள் ஐந்து பேர். எல்லோருமே ஐம்பத்தெட்டுக்கும் எழுபதுக்கும் நடுவில். மூத்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்களுக்கெல்லாம் அண்ணன். போன மாதம் ஒருநாள் திரும்பி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அவர் வீட்டு அடுப்படி மேடைமேல், ஊறுகாய் ஜாடியை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய கறுப்பு டப்பா, புரதப் பவுடர்.

"சின்னவன் வாங்கியாந்தான்பா. ஜிம்முக்குப் போற பசங்க இதத்தான் குடிக்கிறாங்களாம். ஞாயித்துக்கிழமை மிதிச்சா செவ்வாக்கிழமை வரைக்கும் தொடை கல்லு மாதிரி கீது. இத குடிச்சா சரியாப் பூடுமா?"

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. நான் டாக்டரும் இல்லை. ஆனால் இரண்டு வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு டப்பாவை வாங்கிவிட்டு, எதற்குக் குடிக்கிறோம் என்றே தெரியாமல் பாதி காலி செய்தவன். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். புரிந்தவரைக்கும் முதலிலிருந்து சொல்கிறேன்.

காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நடை போய்ப் பார்த்தவர்களுக்குத் தசையின் கதை பாதி புரிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போதுதான் உளுத்த பலகையைப் பெயர்ப்பார்கள், புதுசு வைப்பார்கள், இடுக்கை அடைப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். கடலில் இருக்கும்போது படகு தேயும். கரையில் நிற்கும்போதுதான் பழுது பார்க்க முடியும். தசையும் அப்படித்தான். சைக்கிள் மிதிக்கும்போது தசை வளர்வதில்லை, தேய்கிறது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் உடம்பு அதைச் சரிசெய்து, முன்பைவிடக் கொஞ்சம் உறுதியாகவும் கட்டுகிறது. ஒரே வித்தியாசம், படகுக்குத் தடைக்காலம் வருஷத்துக்கு ஒருமுறை. தசையில் பெயர்ப்பதும் பொருத்துவதும் தினமும், நாள் முழுக்க ஒருசேர நடந்துகொண்டே இருக்கும். பொருத்துவது அதிகமாக இருந்தால் தசை கூடும். பெயர்ப்பது அதிகமானால் கரையும்.

பழுது பார்க்கப் பலகை வேண்டும். அதுதான் புரதம். நாம் சாப்பிடும் மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றிலும் உள்ள புரதத்தை வயிறும் குடலும் சின்னச் சின்ன அமினோ அமிலங்களாக உடைத்து ரத்தத்தில் விடுகின்றன. இருபது வகை அமினோ அமிலங்கள். அதில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அந்த ஒன்பதில் ஒன்றுக்கு லியூசின் என்று பெயர். இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை பலகை என்றால், லியூசின் பலகையாகவும் இருந்துகொண்டு தச்சரை வேலைக்குக் கூப்பிடவும் செய்யும். ரத்தத்தில் லியூசின் ஓர் அளவுக்கு மேல் ஏறினால்தான் தசைச் செல்லுக்குள் கட்டுமான வேலை சூடு பிடிக்கும்.

இனி வயசு விஷயத்துக்கு வருவோம். இருபத்தைந்து வயது ஆளின் தசை, மெல்லக் கூப்பிட்டாலே எழுந்து வந்துவிடும். அறுபது அறுபத்தைந்தில் தச்சருக்குக் காது மந்தமாகிவிடுகிறது. அதே இரண்டு இட்லி, அதே ஒரு கரண்டி சாம்பாரில் வரும் சத்தம் அவர் காதில் விழாது. அவருக்கு வேலை மறந்துபோகவில்லை. உரக்கக் கூப்பிட்டால் இளைஞரைப் போலவே செய்கிறார் என்பதுதான் இதில் நல்ல செய்தி. எவ்வளவு உரக்க என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒரு வேளைச் சாப்பாட்டில் தசைக் கட்டுமானம் முழு வேகத்துக்குப் போக இளைஞருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.24 கிராம் புரதம் போதும், முதியவருக்கு 0.40 கிராம் வேண்டும். எழுபது கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் முன்னதில் 17 கிராம், பின்னதில் 28 கிராம். ஒரே எடை, ஒரே தட்டு, ஆனால் ஒன்றரை மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

வயதாக ஆகத் தசை கரைவதற்கு 1989-ல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். கிரேக்கச் சொல்; பிரித்துப் பார்த்தால் 'சதை வறுமை' என்று வரும். பேரே சொல்லிவிடுகிறது.

ஆனால் காலண்டர் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. சும்மா இருப்பதும் காதை அடைக்கிறது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களை இரண்டு வாரம் மட்டும் நடையை வெகுவாகக் குறைக்கச் சொல்லி 2013-ல் ஓர் ஆய்வு செய்தார்கள். கால் தசை ஏறக்குறைய 4 சதவீதம் குறைந்தது. சாப்பிட்ட புரதத்துக்குத் தசை காட்டும் பதிலும் கால்பங்கு மங்கியது. இரண்டே வாரம்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். அப்புறம் எண்ணூர் ஆற்றில் எண்ணெய். ஒரு மாசத்துக்கு மேல் சைக்கிளைத் தொடவில்லை. ஜனவரியில் மறுபடி ஏறியபோது திருவொற்றியூர் தாண்டுவதற்குள் தொடை நடுங்கியது ஏன் என்று இந்த ஆய்வைப் படித்தபோதுதான் புரிந்தது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. இங்கிலாந்தில் 55 முதல் 79 வயதுக்குள் விடாமல் சைக்கிள் ஓட்டிவந்த 125 பேரைப் பரிசோதித்தார்கள். அதில் சேர ஆண்கள் நூறு கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், பெண்கள் அறுபது கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்துக்குள். 2018-ல் முடிவு வந்தது: வயது ஏறியதால் அவர்களுக்குத் தசை அளவோ பலமோ பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. அதற்கும் மேலே ஒருவர், பிரான்சில் ராபர்ட் மார்ஷான். 1911-ல் பிறந்தவர். நூறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஒரு மணி நேர ஓட்டத்தில் 2012-ல் 24.25 கிலோமீட்டர் போனார். இரண்டு வருஷம் கழித்து 102 வயதில் 26.9 கிலோமீட்டர். நடுவில் முறையாகப் பயிற்சி செய்தார்; உடம்பு ஆக்சிஜனை உபயோகிக்கும் திறன் 13 சதவீதம் கூடியிருந்ததாக அவரைப் பரிசோதித்தவர்கள் எழுதினார்கள். எங்கள் குழுவில் யாராவது "வயசாயிடுச்சுப்பா" என்று ஆரம்பித்தால் மார்ஷான் பேரைச் சொல்லி வாயை அடைப்போம்.

சரி, அண்ணனின் செவ்வாய்க்கிழமைத் தொடைக்கு வருகிறேன். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எதற்கெடுத்தாலும் 'லாக்டிக் ஆசிட் சேர்ந்துடுச்சு' என்பார்கள். அது மிதித்து முடித்த ஒரு மணி நேரம் வாக்கில் ரத்தத்திலிருந்து போயே போய்விடும். மறுநாளைக்கும் அதற்கு மறுநாளைக்கும் வரும் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த வலி பெரும்பாலும் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது ஏற்படும் நுண்ணிய கிழிசலால் வருவது. படிக்கட்டில் இறங்கும்போது தொடை அப்படித்தான் வேலை செய்கிறது. சைக்கிளிலோ தசை சுருங்கிச் சுருங்கித்தான் மிதியைத் தள்ளுகிறது. நீண்டு தாங்குகிற வேலை ரொம்பக் குறைவு. அதனால் ஓட்டப்பந்தயக்காரர்களுக்கு வரும் அளவுக்குச் சேதம் சைக்கிள்காரர்களுக்கு வருவதில்லை. இதைச் சொல்லிவிட்டு அண்ணனைக் கிண்டிக் கேட்டேன். ஞாயிறு மதியம் தூங்கி எழுந்து, பழைய மாடி வீட்டுக்குத் தண்ணீர்க் குடத்தோடு நாலு நடை ஏறி இறங்குகிறாராம். லாரித் தண்ணீர் வரும் நாள் ஞாயிறு. வலியில் பாதி அந்தப் படிக்கட்டுக்குப் போக வேண்டியது.

மீதிப் பாதி வலிகூட இல்லை, கனம். தொடையில் உயிரில்லாத மாதிரி ஒரு பாரம். அது எரிபொருள் தீர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். தசைக்குள்ளும் ஈரலிலும் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் உடம்பு சேர்த்து வைத்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து நானூறு ஐந்நூறு கிராம். ஒன்றரை மணி இரண்டு மணி நேரம் அழுத்தி மிதித்தால் பெருமளவு காலி. நிரப்ப வேண்டியது சோறு, இட்லி, வாழைப்பழம், கேழ்வரகுக் கூழ். புரதப் பவுடர் இல்லை. ஆனால் அண்ணனுக்குச் சர்க்கரை. 'சோறு ஆகாது' என்று டிபனுக்கு ஒரு கப் ஓட்ஸ் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறவர். மிதித்து வந்த முதல் ஓரிரு மணி நேரத்தில் தசை, சர்க்கரையை ரத்தத்திலிருந்து தாகத்தோடு உறிஞ்சும்; அன்றைக்கு அளவாகச் சோறோ இட்லியோ சாப்பிடப் பொருத்தமான வேளையே அதுதான். மாத்திரை போடுகிறவர்கள் இதை டாக்டரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். மிதித்த நாளில் சர்க்கரை தாழ்ந்து போகும் ஆபத்தும் இருக்கிறது.

அப்புறம் தண்ணீர். வயதானால் தாகம் தெரிவது மட்டுப்படும். நம் கடலோரப் புழுக்கத்தில் வேர்வை காயவும் காயாது. கிளம்புமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று கணக்கு. உப்புப் போட்ட மோர் நல்லது.

ஆக, ஒரு ஞாயிற்றின் களைப்பை ஒரு ஸ்கூப் பவுடர் செவ்வாய்க்குள் துடைத்துவிடாது. பவுடரைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இது. புரதம் வேலை செய்யும் கணக்கே வேறு: மாசங்கள், வருஷங்கள். இன்றைக்கு வலி குறைகிறதா என்று பார்க்காதீர்கள். எழுபத்தைந்தில் எண்ணூர் போய்வரத் தொடையில் சதை மிச்சமிருக்குமா என்று பாருங்கள்.

அந்தக் கணக்கில் நம் தட்டு எங்கே நிற்கிறது?

சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது 2020-ல் நம் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட பரிந்துரை. ஆரோக்கியமான முதியவருக்கு 1.0 முதல் 1.2 வரை, உடற்பயிற்சி செய்கிறவராக இருந்தால் 1.2 அல்லது அதற்கு மேல் என்று முதியோர் உணவு பற்றிய சர்வதேச நிபுணர் குழு ஒன்று 2013-ல் சொன்னது. எழுபது கிலோ ஆளுக்கு 84 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

என் வீட்டு ஒரு நாளையே எடுத்து எழுதிப் பார்த்தேன். காலை காபியில் இருக்கும் பாலில் 3 கிராம். நான்கு இட்லியில் 8, சாம்பாரில் 3. மதியம் ஒரு தட்டுச் சோற்றில் 8, சாம்பார், பொரியலில் 6, தயிரில் 4. சாயங்காலம் டீயும் ஒரு பஜ்ஜியும் 4. ராத்திரி மூன்று தோசையும் சட்னியும் 11. கூட்டினால் 47. வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதைவிட முக்கியம், ஒரு வேளைகூட 28 கிராமைத் தொடவில்லை. காலையில் 14, மதியம் 18, ராத்திரி 11. நாள் முழுக்கத் தச்சரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம், ஒரு முறையும் அவர் காதில் விழும்படி கூப்பிடவில்லை.

அசைவக்காரர்கள் வீட்டில் மதியம் மட்டும் நிலைமை மேல். நூற்றைம்பது கிராம் நெத்திலி, சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம் எடை போட்டது, குழம்போ வறுவலோ, அதிலேயே 27 கிராம் பக்கம் வந்துவிடும். காசிமேட்டுக்கு இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு வஞ்சிரம் வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டியதே இல்லை. காணாங்கத்தையிலும் நெத்திலியிலும் புரதம் அதே அளவுதான். யூரிக் ஆசிட் தொல்லை உள்ளவர்கள் மட்டும் இந்தச் சின்ன மீன்களைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். கருவாட்டில் புரதம் ஏகத்துக்கு உண்டு, உப்பும் ஏகத்துக்கு உண்டு. பிரஷர்காரர்களுக்கு ஆகாது.

சிக்கல் காலை டிபனில்தான். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த தசைக்குக் காலையில் முதல் குரல் பலமாகப் போக வேண்டும். மூன்று இட்லி, இரண்டு முழு முட்டை, ஒரு டம்ளர் பால், சட்னியில் ஒரு பிடி பொட்டுக்கடலை. 6, 12, 6, 4. மொத்தம் 28. முட்டை சாப்பிடாதவர் என்றால் ஒரு பெரிய கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராம் வரும். அதோடு பாலும் தயிரும். சோயா உருண்டை நூறு கிராமில் 52 கிராம் புரதம், விலையும் சல்லிசு. பேரப்பிள்ளைகள் கறி என்று நினைத்துச் சாப்பிடுகிறார்கள், அது வேறு லாபம். பருப்பு வகைப் புரதத்தில் லியூசின் கொஞ்சம் குறைவு, செரிமானமும் முட்டை பால் அளவுக்கு முழுமையாக இருக்காது. அதனால் சைவர்கள் அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். அரிசியில் குறையும் அமினோ அமிலம் உளுந்தில் உண்டு, உளுந்தில் குறைவது அரிசியில் உண்டு. இட்லி கண்டுபிடித்தவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, ஆனால் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

பீச் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடப் போகும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தட்டில் புரதம் என்று சொல்ல இருப்பது கூட வாங்கும் முட்டை பேஜோதான். அதை இரண்டாகச் சொல்லுங்கள்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியும் கேட்பீர்கள். 'காலுக்குக் கால்' என்று எங்கள் பக்கம் எலும்பு முறிந்தவருக்கும் சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். ருசி சரி. ஆனால் அதில் கரைந்து வருவது பெரும்பாலும் ஜெலட்டின். லியூசின் சொற்பம், டிரிப்டோபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் இல்லவே இல்லை. கொலாஜன் பவுடர் என்று விலை உயர்த்தி விற்பதும் இதே வகைதான். தசை கட்ட இரண்டும் உதவாது. என் மாமியார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், நானும் வாதாடுவதில்லை.

இத்தனையும் பார்த்த பிறகு பவுடரின் இடம் தெளிவாகிவிடும். வே புரோட்டீன் என்பது வேறொன்றுமில்லை, பால் திரிந்து பன்னீரோ சீஸோ ஆனபின் மிஞ்சும் தெளிநீரை வடிகட்டி உலர்த்தியது. பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதில் இருக்கிறது. சீக்கிரம் செரிக்கும், அதன் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு லியூசின். அதனால்தான் ஒரு ஸ்கூப்பில் வரும் 24 கிராம் புரதம், காது மந்தமான தச்சரையும் எழுப்பிவிடுகிறது. கான்சென்ட்ரேட் என்று போட்டிருந்தால் அதில் பால் சர்க்கரை கொஞ்சம் மீதம் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிறு பொருமும். ஐசோலேட் என்றால் அது குறைவு, விலை கூடுதல். பவுடரில் மந்திரம் எதுவும் இல்லை, வசதி இருக்கிறது. காலையில் பசி எடுக்காதவர், பல் போனதால் மீனும் கடலையும் மெல்ல முடியாதவர், தனியாக இருந்து சமைக்க அலுத்துப்போனவர், இவர்களுக்கு அது நிஜமாகவே உதவும். நாலு முட்டை வேகவைத்துச் சாப்பிட முடிகிறவருக்கு அவசியமில்லை.

காசுக் கணக்கும் பாருங்கள். நான் வாங்கிய ஒரு கிலோ டப்பா மூவாயிரம் ரூபாய். உள்ளே புரதம் 800 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கிராம் புரதம் நாலு ரூபாய் பக்கம். முட்டையில் அதுவே ஒரு ரூபாய், கொஞ்சம் முன்னே பின்னே.

மிதித்து இறங்கி அரை மணிக்குள் குடித்தே ஆக வேண்டும் என்று ஜிம் பையன்கள் சொல்வதை நம்பி, நான் கொஞ்ச நாள் பாட்டிலில் பவுடரைக் கொட்டிக்கொண்டு எர்ணாவூர் மேம்பாலத்தடியில் நின்று குலுக்கிக் குடித்திருக்கிறேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. அந்த அவசரம் தேவையில்லை. உடற்பயிற்சி செய்த தசை ஒரு நாள் வரைக்கும் புரதத்துக்குக் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு டிபன் சாப்பிட்டால் போதும்.

வாங்குவதாக இருந்தால் டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பட்டியலைப் படியுங்கள். ஒரு ஸ்கூப் எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம்? முப்பதுக்கு இருபத்திரண்டு இருபத்து நாலு என்றால் சரி. முப்பதுக்கு பத்து என்றால் நீங்கள் வாங்குவது சாக்லேட் மணக்கும் சர்க்கரை. மருந்துக் கடையில் 'பெரியவர்களுக்கு' என்று விற்கும் டப்பாக்களில் பல இந்த ரகம். கிளைசின், டாரின் என்று மலிவான அமினோ அமிலங்கள் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் எச்சரிக்கை. ஆய்வுக்கூடத்தில் புரதத்தை நைட்ரஜன் அளவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இவற்றைக் கலந்தால் நைட்ரஜன் ஏறி, இல்லாத புரதம் இருப்பதாகக் காட்டும். 2024-ல் இந்தியச் சந்தையில் கிடைத்த 36 பவுடர்களைச் சோதித்த ஓர் ஆய்வில், பத்தில் ஏழில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. எடை போட்டுத் தரும் லூஸ் பவுடர் பக்கமே போகாதீர்கள். அதே வருஷம் ஐசிஎம்ஆர் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிட வேண்டாம், சாப்பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறது.

கிட்னி விஷயத்தில் விளையாடக் கூடாது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு நான் மேலே சொன்ன அளவுப் புரதம் கெடுதல் இல்லை. ஏற்கெனவே பழுதுபட்ட சிறுநீரகத்துக்கு அது சுமை. அவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கத்தான் சொல்வார்கள். நம் வயதில் சர்க்கரையோ பிரஷரோ இல்லாதவர் யார்? இரண்டுமே சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரிக்கும். அதனால் டப்பாவைத் திறக்கும் முன் ரத்தத்தில் கிரியேட்டினின், அதை வைத்துக் கணக்கிடும் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்), சிறுநீரில் ஆல்புமின், மூன்றையும் பார்த்துவிடுங்கள். கிரியேட்டின் என்ற இன்னொரு பவுடரைக் குடிக்கிறவர் என்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். அது கிரியேட்டினின் எண்ணைத் தானாகவே கொஞ்சம் ஏற்றிக் காட்டும், இருவரும் வீணாகப் பயப்பட வேண்டாம்.

கடைசியாக ஒன்று, சைக்கிள்காரர்களுக்குப் பிடிக்காதது. சைக்கிள் மட்டும் போதாது. சீட்டில் உட்கார்ந்துவிட்டால் எலும்புமேல் பாரம் விழுவதில்லை, தோளுக்கும் முதுகுக்கும் வேலை இல்லை. 1994-ல் அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் இருந்த நூறு பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்குச் சத்து பானம், சிலருக்குப் பளு தூக்கும் பயிற்சி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் தசை பலம் 113 சதவீதம் கூடியது. பானம் மட்டும் குடித்தவர்களுக்குச் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. பலகையைக் கரையில் அடுக்கி வைத்தால் மட்டும் படகு சரியாகிவிடுமா? வாரம் இரண்டு நாள், கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். பத்துப் பத்தாக மூன்று தடவை. சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். சுலபமாகிவிட்டால் மடியில் ஐந்து கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். அழுத்தி மிதித்த நாளுக்கும் அடுத்த கடுமையான நாளுக்கும் நடுவில் நம் வயதுக்கு இரண்டு நாள் விடுவது நல்லது. சும்மா படுக்கச் சொல்லவில்லை, மெல்ல மிதிக்கலாம், நடக்கலாம்.

அண்ணன் டெஸ்ட் எடுத்தார். கிரியேட்டினின் பரவாயில்லை, சிறுநீரில் ஆல்புமின் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கிறது. பவுடர் வேண்டாம், சாப்பாட்டில் இருப்பதை மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள், மூன்று மாசம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடம் தூக்கும் வேலை சின்னவனுக்குப் போயிற்று. டப்பாவும் அவனுக்கே. போன ஞாயிறு திரும்பி வரும்போது அண்ணன் பையில் ஒரு எவர்சில்வர் டப்பா. திறந்தால் தேங்காய், மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல். "அஞ்சு பேருக்கும் கணக்கு பண்ணித்தான் உங்க அண்ணி போட்டுக் குடுத்துக்கீது, ஆளுக்கு இன்னா கிராம் வருதுன்னு நீயே பார்த்துக்க" என்றார்.